'பாஸ்' ஆயிடுச்சுன்னா என்ன அர்த்தம்?



நம் பேச்சில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'பாஸ்' என்ற ஆங்கில வார்த்தை வருகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? "லோன் பாஸ் ஆயிடுச்சாம்." "பொண்ணு பத்தாவது பாஸ்." "தீர்மானம் பாஸ் பண்ணியாச்சு." "செக் பாஸ் ஆகலை." "வீட்டு பில் இன்னும் பாஸ் ஆகலைங்க." "சும்மா டைம் பாஸுக்குத்தான் டி.வி. பார்த்தேன்." பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத பாட்டி கூட இந்த வார்த்தையைச் சரளமாகச் சொல்கிறார். இது இப்போது நம் ஊர் வார்த்தை ஆகிவிட்டது.

வார்த்தை ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் அது ஒவ்வொரு வேலை செய்கிறது. பேங்கில் அதற்கு ஒரு பொருள், ஆஸ்பத்திரியில் வேறு பொருள், கிராம சபையில் இன்னொரு பொருள். இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாவிட்டால் கையில் இருக்கும் பணமும் போகும், கையெழுத்தும் போகும். அதனால் இந்த இதழில் இந்த ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு பேசுவோம்.

மூலப் பொருள் என்ன?

'பாஸ்' என்பது ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல். அதாவது நட, ஓடு, கொடு என்பது போல ஒரு செயலைச் சொல்லும் சொல். பழைய லத்தீன் மொழியில் காலடி எடுத்து வைப்பதைக் குறித்த ஒரு சொல்லில் இருந்து, பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் அடிப்படைப் பொருள் 'கடந்து போ' என்பதுதான். ஒரு இடத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போவது.

நம் தமிழிலும் இதே கருத்து இருக்கிறது. பாஸ்போர்ட்டுக்குக் கடவுச்சீட்டு என்கிறோம். பாஸ்வேர்டுக்குக் கடவுச்சொல் என்கிறோம். கடவு என்றால் கடந்து போகும் வழி.

ஒரு வாசலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வாசலுக்கு இந்தப் பக்கம் இருந்தது அந்தப் பக்கம் போய்விட்டது. அதுதான் பாஸ். பரீட்சை எழுதிய பிள்ளை ஒரு வகுப்பைக் கடக்கிறது. மனு ஒரு அதிகாரியின் மேசையைக் கடக்கிறது. பந்து ஒருவர் கையைக் கடந்து அடுத்தவர் கைக்குப் போகிறது. பொழுது நம்மைக் கடந்து போகிறது, அதுதான் டைம் பாஸ். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்தக் 'கடத்தல்'தான்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 'பாஸ்' என்றால் ஒரு வாசலைத் தாண்டியது என்றுதான் பொருள். எல்லா வாசலையும் தாண்டிவிட்டது என்று பொருள் இல்லை. நமக்கு வரும் குழப்பம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வருகிறது.

'பாஸ் ஆச்சு' – 'பாஸ் பண்ணினோம்'

ஆங்கில வார்த்தையை நாம் தமிழில் இரண்டு விதமாகச் சொல்கிறோம். ஒன்று, "பாஸ் ஆச்சு". இன்னொன்று, "பாஸ் பண்ணினோம்".

"பாஸ் பண்ணினோம்" என்றால் யார் செய்தது என்று தெரியும். நாம் செய்தோம். "மேனேஜர் பாஸ் பண்ணினார்" என்றால் மேனேஜர் செய்தார். ஆனால் "பாஸ் ஆச்சு" என்று சொல்லும்போது ஆள் மறைந்துவிடுகிறார். மழை பெய்தது போல, அது தானாக நடந்த மாதிரி ஆகிவிடுகிறது.

"தீர்மானம் பாஸ் ஆச்சு" என்று யாராவது சொன்னால், "யாரு பாஸ் பண்ணினது? எப்போ? எந்தக் கூட்டத்துல?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்பதில் தப்பே இல்லை. கடன், பில், தீர்மானம், சட்டம் எதுவும் தானாகப் பாஸ் ஆவதில்லை. எங்கோ ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அல்லது பலர் கை தூக்கியிருக்கிறார்கள்.

லோன் பாஸ்

நம் குழுக்களில் அதிகம் புழங்குவது இதுதான். ஆனால் ஒரு கடன் நம் கைக்கு வருவதற்குள் பல வாசல்களைத் தாண்ட வேண்டும். வரிசையாகப் பாருங்கள்.

1. குழுக் கூட்டத்தில் கடன் கேட்டுத் தீர்மானம் எழுதுவது.
2. விண்ணப்பமும் புத்தகங்களும் கொடுத்து, குழுவைத் தர மதிப்பீடு செய்வது.
3. வங்கிக்குப் பரிந்துரை போவது.
4. வங்கி அனுமதி கொடுப்பது. இதைத்தான் சாங்ஷன் என்கிறார்கள்.
5. கடன் பத்திரங்களில் கையெழுத்துப் போடுவது.
6. பணம் பட்டுவாடா ஆகி, கணக்கில் ஏறுவது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டாவது படி முடிந்தாலும் "பாஸ் ஆயிடுச்சு" என்கிறோம். நான்காவது முடிந்தாலும் "பாஸ் ஆயிடுச்சு" என்கிறோம். பணம் வந்தாலும் அதே வார்த்தைதான். கேட்பவருக்கு எந்தப் படி என்று எப்படித் தெரியும்?

ஒரு உதாரணம் பார்ப்போம். "நம்ம குழு லோன் பாஸ் ஆயிடுச்சு" என்று ஊக்குநர் சொன்னதை நம்பி, ஒரு உறுப்பினர் கறவை மாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார். கையில் பணம் இல்லை. அதனால் ஊரில் 5 வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கிக் கொடுக்கிறார். 5 வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 5 ரூபாய். பத்தாயிரத்துக்கு மாதம் 500 ரூபாய் வட்டி. ஊக்குநர் சொன்னது தர மதிப்பீடு முடிந்ததை. பணம் வர இன்னும் இரண்டு மாதம் ஆகிறது. வட்டி மட்டும் 1,000 ரூபாய் போய்விட்டது. ஊக்குநர் பொய் சொல்லவில்லை, உறுப்பினரும் தவறாகக் கேட்கவில்லை. ஒரே வார்த்தையை இருவரும் வேறு வேறு படிக்கு வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஆகவே கடன் விஷயத்தில் 'பாஸ்' என்ற வார்த்தையோடு நிறுத்தாமல், "மதிப்பீடு முடிஞ்சது", "அனுமதி வந்தது", "பணம் ஏறிடுச்சு" என்று பிரித்துச் சொல்லப் பழகுவோம். அனுமதி வந்திருந்தால் அனுமதிக் கடிதத்தைக் கேட்டுப் பாருங்கள். எவ்வளவு தொகை, வட்டி எத்தனை சதவீதம், எத்தனை தவணை, வேறு பிடித்தம் உண்டா என்று குழுவில் எல்லோருக்கும் படித்துக் காட்ட வேண்டும்.

இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள். "லோன் பாஸ் ஆகணும்னா டெபாசிட் போடணும்" என்று யாராவது சொன்னால் அப்படியே தலையாட்டிவிடாதீர்கள். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வரும் குழுக்களுக்கு ரிசர்வ் வங்கி தெளிவான விதி வைத்திருக்கிறது. குழுவுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்து ஈடு கேட்கக் கூடாது. குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கி வைக்கக் கூடாது. கடனுக்காக டெபாசிட் போடச் சொல்லியும் வற்புறுத்தக் கூடாது. 2021-ல் வந்த உத்தரவின்படி, 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலும் சொத்து ஈடு இல்லாமல் கடன் கொடுக்கலாம்.

போனில் வரும் 'பாஸ்'

"வணக்கம் மேடம், உங்க பேருக்கு 2 லட்சம் லோன் பாஸ் ஆயிடுச்சு. பிராசசிங் சார்ஜ் மட்டும் இந்த நம்பருக்கு அனுப்பிடுங்க, சாயங்காலமே பணம் ஏறிடும்."

இப்படிப் போன் வந்தால் நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான். "நான் எப்போ மனு போட்டேன்?" மனுவே போடாத கடன் எப்படிப் பாஸ் ஆகும்? முதல் வாசலையே மிதிக்காதது கடைசி வாசலுக்கு எப்படி வந்தது? மோசடிக்காரர்கள் இந்த வார்த்தையைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. 'பாஸ்' என்று கேட்டதும் வேலை முடிந்துவிட்டது என்று நம் மனது நினைத்துவிடுகிறது. முடிந்த வேலைக்குச் சின்னத் தொகைதானே என்று பணத்தை அனுப்பிவிடுகிறோம்.

அப்படி யாராவது ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் அடுத்த கைக்குப் போகும் முன் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

செக் பாஸ்

செக் வாங்கினால் பணம் வாங்கியதாக ஆகாது. செக்கைக் கொடுத்தவரின் வங்கி அதை ஏற்றுக்கொண்டு, அவர் கணக்கில் இருந்து பணத்தைக் கழித்துக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் செக் பாஸ் ஆனது என்று பொருள். அவர் கணக்கில் போதிய பணம் இல்லாவிட்டாலோ, கையெழுத்து ஒத்துப்போகாவிட்டாலோ செக் திரும்பி வந்துவிடும்.

நாம் தயாரித்த பொருளை வியாபாரியிடம் கொடுத்து செக் வாங்கும்போது தேதியைப் பாருங்கள். 2012 ஏப்ரல் 1 முதல், செக்கில் எழுதிய தேதியில் இருந்து 3 மாதம் வரைதான் அது செல்லும். அதற்கு முன்பு 6 மாதம் இருந்தது. பீரோவில் பத்திரமாக வைத்திருந்து நான்காவது மாதம் கொண்டுபோனால் பாஸ் ஆகாது.

பணம் இல்லாமல் செக் திரும்பினால், காரணத்தை எழுதி வங்கி ஒரு சீட்டுக் கொடுக்கும். அது கைக்கு வந்த 30 நாளைக்குள், செக் கொடுத்தவருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளைக்குள் அவர் பணம் தராவிட்டால் வழக்குப் போடலாம். 2 வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

இதே சட்டம் நமக்கும்தான். தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டு யாரிடமும் கொடுக்காதீர்கள். நாளைக்கு அவர்கள் எழுதும் தொகை பாஸ் ஆகாவிட்டால், நோட்டீஸ் நம் வீட்டுக்குத்தான் வரும்.

தீர்மானம் பாஸ்

தீர்மானம் பாஸ் ஆவது என்றால் நிறைவேறுவது. கூடியிருப்பவர்கள் கேட்டு, பேசி, சம்மதித்த பிறகுதான் அது நிறைவேறுகிறது. ஆனால் சில குழுக்களில் நடப்பது என்ன? கையெழுத்து முதலில், தீர்மானம் பிறகு. "கையெழுத்தைப் போடுக்கா, நான் அப்புறமா எழுதிக்கிறேன்" என்று நோட்டு வீடு வீடாகப் போகிறது. அது பாஸ் பண்ணின தீர்மானம் இல்லை, பாஸ் பண்ணினதாக எழுதிய தீர்மானம்.

நல்ல வழக்கம் இதுதான்: முதலில் எழுத வேண்டும். எழுதியதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். கடைசி வரிக்குக் கீழே இடம் விட்டிருந்தால் கோடு போட்டு அடிக்க வேண்டும். அதன் பிறகு கையெழுத்து. எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினருக்கும் காது கேட்கும் அல்லவா?

கிராம சபைக்கும் இதுவே பொருந்தும். தமிழ்நாட்டில் கிராம சபை செல்லுபடியாக இத்தனை பேர் வர வேண்டும் என்று கணக்கு உண்டு. ஊராட்சியின் மக்கள் தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். அத்தனை பேர் வராமல் "தீர்மானம் பாஸ்" என்றால் அது கேள்விக்குரியது. நாம் போய் உட்கார்ந்தால்தான் அது நம் தீர்மானம்.

பில் பாஸ்

தொகுப்பு வீடு கட்டுபவர்களுக்கு இந்த வார்த்தை நன்றாகத் தெரியும். வேலையைக் கட்டம் கட்டமாக முடிக்க முடிக்க, ஓவர்சியர் வந்து பார்த்து அளந்து எழுதுவார். அதை மேலதிகாரி ஒப்புக்கொண்டால் அந்தக் கட்டத்துக்குப் பில் பாஸ். இங்கேயும் பாஸ் ஆவது ஒரு கட்டம் மட்டுமே. "பாஸ் ஆயிடுச்சு" என்றால், "எந்தக் கட்டத்துக்கு, எவ்வளவு ரூபாய்?" என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் பாஸ்

சட்ட முன்வரைவுக்கும் ஆங்கிலத்தில் 'பில்' என்றுதான் பெயர். அதையும் பாஸ் பண்ணுவார்கள். பெண்களுக்கான இட ஒதுக்கீடு இதற்கு நல்ல உதாரணம்.

மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு வேண்டும் என்ற மசோதா, முதலில் 1996-ல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. பாஸ் ஆகவில்லை. மறுபடி மறுபடி கொண்டுவந்தார்கள். 2010 மார்ச் 9-ம் தேதி மாநிலங்களவையில் பாஸ் ஆனது. நாடெங்கும் பெண்கள் கொண்டாடினார்கள். ஆனால் அது ஒரு வாசல்தான். அடுத்த வாசலான மக்களவையைத் தாண்டாமலே அந்த மசோதா காலாவதி ஆகிவிட்டது.

பிறகு 2023 செப்டம்பர் 20-ம் தேதி மக்களவையிலும், 21-ம் தேதி மாநிலங்களவையிலும் புதிய மசோதா பாஸ் ஆனது. 28-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். ஆனாலும் 2024 மக்களவைத் தேர்தல் அந்த இட ஒதுக்கீடு இல்லாமல்தான் நடந்தது. ஏனென்றால், அதற்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி வரையறையும் முடிந்துதான் நடைமுறைக்கு வரும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. 1996-ல் கைக்குழந்தையாக இருந்த பெண்ணுக்கு 2023-ல் 27 வயது. 'பாஸ்' என்ற ஒரு வார்த்தைக்குள் இத்தனை வருடம் அடங்கியிருக்கிறது!

ஆஸ்பத்திரியில் 'பாஸ்'

"யூரின் பாஸ் ஆச்சாம்மா?" "மோஷன் பாஸ் ஆகுதா?" என்று நர்ஸ் கேட்பார். இங்கே பாஸ் என்றால் கழிப்பது. யூரின் என்றால் ஒன்றுக்கு, மோஷன் என்றால் வெளிக்கு. சிலர் இதை யூரின் டெஸ்ட் நல்லபடியாக வந்ததா என்று கேட்பதாக நினைத்து, "ஆச்சுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். இது ஆபத்து.

பிரசவம் முடிந்த பெண் ஆறு மணி நேரத்துக்குள் ஒன்றுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் நீர்ப்பை நிரம்பி வீங்கும், ரத்தப்போக்கும் அதிகமாகலாம். அதனால்தான் நர்ஸ் திரும்பத் திரும்பக் கேட்கிறார். வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். ஆபரேஷன் ஆனவர்களிடம் "கேஸ் பாஸ் ஆச்சா?" என்றும் கேட்பார்கள். வாயு பிரிந்ததா என்று அர்த்தம். குடல் மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிட்டதா என்று அதை வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

'பைபாஸ் ஆபரேஷன்' என்ற பெயரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பை என்றால் இங்கே பக்கவாட்டில். ஊருக்குள் நுழையாமல் சுற்றிப் போகும் பைபாஸ் ரோடு போல, இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு உள்ள இடத்தை விட்டுவிட்டு, காலில் இருந்தோ மார்பில் இருந்தோ எடுத்த குழாயை வைத்து ரத்தத்துக்குச் சுற்று வழி போடுகிறார்கள்.

பாஸ்புக்கும் பாஸ்வேர்டும்

பாஸ்புக் என்ற பெயர் வந்ததே, அந்தப் புத்தகம் வங்கிக்கும் நமக்கும் இடையே கைமாறிக்கொண்டே இருப்பதால்தான். பீரோவிலேயே தூங்கினால் அது பாஸ்புக் இல்லை! மாதம் ஒரு தடவையாவது கொண்டுபோய் என்ட்ரி போட்டு, குழுக் கூட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பாஸ்வேர்டும், போனில் வரும் ஓ.டி.பி. எண்ணும் நம் கணக்கின் வாசலைத் திறக்கும் சாவிகள். பாஸ்புக் கைமாறலாம். பாஸ்வேர்டு கைமாறவே கூடாது. பேங்க் ஆள் என்று சொல்லிக் கேட்டாலும் கூடாது.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்

ஆங்கிலத்தில் 'பாஸ் தி புக்' என்றால் புத்தகத்தை எடுத்துக் கொடு என்று அர்த்தம். 'பாஸ்ட் அவே' என்றால் காலமானார். நாமும் "போயிட்டாங்க" என்றுதானே சொல்கிறோம்? சில இடங்களில் வெறும் 'பாஸ்ட்' என்றாலும் இறந்ததைக் குறிக்கும். ஆகவே முன்பின் வார்த்தைகளைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

மூன்று கேள்விகள்

இத்தனை பொருளையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பணம், தீர்மானம், மனு சம்பந்தமாக யாராவது 'பாஸ்' என்று சொன்னால் இந்த மூன்றைக் கேளுங்கள்.

எந்த வாசல் தாண்டியது?
யார் பாஸ் பண்ணினார்கள்?
இன்னும் எத்தனை வாசல் பாக்கி?

குழுவில் கலந்து பேச: அடுத்த கூட்டத்தில் ஊக்குநர் இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டவும். பிறகு உங்கள் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து, சென்ற மூன்று மாதத்தில் 'பாஸ்' ஆன தீர்மானங்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். அந்தத் தீர்மானம் போட்ட அன்று நான் இருந்தேன், எனக்குத் தெரியும் என்று சொல்பவர்கள் கை தூக்கட்டும். எத்தனை கை என்று எண்ணி, அந்த எண்ணிக்கையையும் அன்றைய கூட்ட நடவடிக்கையில் எழுதி வையுங்கள்.